இல்லாத தேதியைக் காப்பாற்றியவர்களுக்கு: விரிதாள் மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விரிதாள் மென்பொருள் எழுதுகிற, வெளியிடுகிற எல்லோருக்கும் வணக்கம்.

எக்செல், தேதியை 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணும் ஒரு எண்ணாகத்தான் பார்க்கிறது. அதைத் திறந்து ஒரு காலி செல்லில் 60 என்று அடியுங்கள். பிறகு அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே கிடையாது. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடம், 1900 வகுபடாது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் அதை லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸில் போட்ட ஷீட்டுகளில் தேதி ஒரு நாள் தள்ளிப்போய்விடக் கூடாதே என்று, தவறு எனத் தெரிந்தே அதைத் தன்னுள் வைத்துக்கொண்டது. இன்றும் வைத்திருக்கிறது. லிப்ரெஆபிஸ் கால்க் என்ற இன்னொரு விரிதாளில் அதே 60, பிப்ரவரி 28 என்று காட்டும். மார்ச் 1-லிருந்து இரண்டும் சமாதானமாகிவிடும்.

கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு இது உங்கள் தொழிலின் மிக நல்ல குணமாகத்தான் படுகிறது. யாரோ ஒருவர் எப்போதோ போட்ட கணக்கு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, நடக்காத ஒரு நாளைத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அந்த மனசு இருப்பவர்கள், நடப்பில் இருக்கும் வசதிகளை மட்டும் புது வெர்ஷனில் ஏன் சத்தமில்லாமல் தூக்கிவிடுகிறீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். வாரக்கூலி, சனிக்கிழமை சம்பளம். இப்போது பலருக்கு பேங்க்கில் போய்விடுகிறது, அப்போதெல்லாம் கவர்தான். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அண்ணன் பி.காம். படித்தவர். மேக்ரோ, அதாவது ஷீட்டில் ஒரு வேலையைத் தானாகச் செய்து முடிக்கும் சின்ன நிரல், எழுத யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ரெக்கார்டரை ஓடவிட்டு, தான் செய்வதைப் பதிவு செய்து, அதில் விழுந்த வரிகளைத் திருத்தித் திருத்தி ஒரு வருடத்தில் ஒரு சம்பள ஷீட்டைக் கட்டினார். அதற்கு மேலே டூல்பாரில் ஒரு பட்டன், ‘சில்லறை’ என்று பெயர்.

வெள்ளிக்கிழமை மதியம் கட்டிங், பவர்டேபிள், செக்கிங், பேக்கிங் என்று பிரிவு வாரியாகப் பீஸ் கணக்கை ஏற்றிவிட்டு அந்தப் பட்டனை அமுக்கினால் போதும். ஒவ்வொருவர் சம்பளத்தையும் நோட்டாக உடைத்துவிடும். 1,865 ரூபாய் என்றால் மூன்று ஐந்நூறு, மூன்று நூறு, ஒரு ஐம்பது, ஒரு பத்து, ஒரு ஐந்து. மொத்தத் தொகையை வைத்து வகுத்தால் இது வராது, ஆள் ஆளாக உடைத்தால்தான் வரும். கடைசியில் எந்த நோட்டு எத்தனை வேண்டும் என்று பேங்க் கவுன்டரில் நீட்ட ஒரு சீட்டு அச்சாகும். கேஷியர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “இதைப் போட்டவர் யாருங்க?” என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு அது போதும்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தால், கம்ப்யூட்டரில் புது வெர்ஷன். சர்வீஸ் பையன் முந்தின நாள் ராத்திரி போட்டுவிட்டுப் போயிருந்தான். எந்தக் கம்பெனியின் மென்பொருள் என்று எழுதப்போவதில்லை. பழைய சண்டையை இழுப்பது நோக்கமில்லை. ‘சில்லறை’ பட்டன் இருந்த இடத்தில் இல்லை. அது வேறொரு தாவலின் மூலைக்குப் போயிருந்தது, எனக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்து. நான் தேடிப் பார்த்துவிட்டு, சரி, முதலில் புது ஃபைலாகச் சேமித்துவிடலாம் என்று போனேன். ஒரு பெட்டி வந்தது. இந்த வகை ஃபைலில் இன்னின்னதை வைக்க முடியாது, அப்படியே தொடரலாமா என்று நான்கு வரியில் கேட்டது. ‘ஆம்’ என்றேன். நானாக இருந்தாலும் யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை ‘ஆம்’ என்றுதான் சொல்வோம். பழைய ஃபைலையும் அழித்துவிட்டேன், ஒரே பெயரில் இரண்டு இருந்தால் குழப்பமாகும் என்று. அண்ணனின் ஒரு வருட உழைப்பு அந்த ‘ஆம்’-இல் போயிற்று.

அந்த வாரம் நானும் ஸ்டோர்கீப்பரும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நூற்று நாற்பது பேருக்கு நோட்டு உடைத்தோம். கவர் கைக்குப் போகும்போது சனிக்கிழமை இரவு ஒன்பதரை. தேனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய டெய்லர்கள் பையோடு கேட்டில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

என் முட்டாள்தனமும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புது வெர்ஷன் முதல்முதலாகத் திறந்தபோது வரவேற்பு படம் காட்டியது, புது கலர்களைக் காட்டியது, புது சார்ட்டுகளைக் காட்டியது. ‘உன் ஃபைலில் இந்த இரண்டு சங்கதி இனி இப்படி நடக்காது’ என்று ஒரு வரி காட்டவில்லை.

இது என் மேசையில் மட்டும் நடந்த கதை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரறிந்த வெர்ஷன்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். எக்செல் 2007-ஐ எடுத்துக்கொள்வோம். வரிசைகள் 65,536-லிருந்து 10,48,576 ஆயின. நெடுவரிசைகள் 256-லிருந்து 16,384. கணக்கெழுதுகிறவனுக்கு இது பெரிய வரம். அதே வெர்ஷனில் மெனுக்கள் போய், தாவல் தாவலாகப் பட்டன்கள் அடுக்கிய ரிப்பன் என்ற பட்டை வந்தது. நமக்கு வேண்டிய பட்டன்களை நம் இஷ்டப்படி அடுக்கிய டூல்பார்கள் போயின. மிச்சம் விட்டது மேலே ஓரமாக ஒரு சின்னப் பட்டை. ரிப்பனை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி 2010-ல்தான் வந்தது.

அதைவிட வேடிக்கை மேக்ரோ ரெக்கார்டர். 2007-ல் அதை ஓடவிட்டு ஒரு சார்ட்டின் கலரை மாற்றி, கோட்டைத் தடிமனாக்கி, நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் அந்த மாற்றங்களுக்கு ஒரு வரிகூட இருக்காது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எதையும் எழுதாத குமாஸ்தா மாதிரி. எங்கள் அண்ணனைப் போல ரெக்கார்டரை வாத்தியாராக வைத்துப் படித்தவர்கள் உலகம் முழுக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களுக்கு அந்த மூன்று வருடம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. 2010-ல் ரெக்கார்டருக்குப் பேச்சு வந்தது.

சார்ட் பட்டைகளுக்குள் சாய்கோடு, புள்ளி, கட்டம் போட்டு நிரப்பும் வசதியும் அப்படியே. கலர் பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு அது பழங்காலத்து அலங்காரமாகத் தோன்றியிருக்கலாம். கறுப்பு வெள்ளை லேசரில் அச்சடித்து, அதை ஜெராக்ஸ் எடுத்து மீட்டிங்கில் கொடுக்கிறவர்களுக்கு நீலமும் பச்சையும் ஒரே சாம்பல். சாய்கோடு இருந்தால்தான் எது போன வருடம், எது இந்த வருடம் என்று தெரியும். 2007-ல் அது மெனுவில் இல்லை; 2010-ல் திரும்பி வந்தது. திருப்பித் தந்தது நல்லதுதான். தராமல் போனவையும் உண்டு. ஒரு ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை மேக்ரோவிலிருந்து தேட ‘ஃபைல்சர்ச்’ என்று ஒன்று இருந்தது. 2007-ல் அது போனதும், அதை நம்பி எழுதிய மேக்ரோக்கள் பாதி வழியில் நின்றன.

எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. லோட்டஸின் ஃபைல்களைத் திறப்பதையே எக்செல் 2007 நிறுத்திவிட்டது. அதாவது, லோட்டஸ் ஃபைலுக்காக வைத்த தவறான பிப்ரவரி 29 உள்ளே இருக்கிறது, லோட்டஸ் ஃபைல் வாசலில் நிற்கிறது. லோட்டஸ்காரர்களுக்காக வைத்த ‘டேட்டிஃப்’ ஃபார்முலாவும் இன்று வரை வேலை செய்கிறது. அடிக்க ஆரம்பித்தால் பட்டியலில் பெயர் வராது, முழுதாக நாமே அடிக்க வேண்டும். சேர்ந்த தேதியைக் கொடுத்து சர்வீஸ் எத்தனை வருடம் என்று பார்க்க நான் வாரம் தவறாமல் பயன்படுத்துவது அதைத்தான். விருந்தாளியை வெளியே அனுப்பிவிட்டு அவர் செருப்பை மட்டும் பத்திரமாக வைத்திருப்பது மாதிரி. அதே லோட்டஸ் ஃபைலை லிப்ரெஆபிஸ்காரர்கள் இன்றும் திறக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேக் கணினிக்காரர்கள் பட்டது இதைவிடப் பெரிது. 2008 ஜனவரியில் வந்த மேக் எக்செலில் வி.பி.ஏ. என்ற மேக்ரோ மொழியே இல்லை. ஆப்பிள் இன்டெல் சிப்புக்கு மாறிய சமயம். பழைய சிப்பை ஒட்டி எழுதிய அந்தப் பகுதியைப் புதிதாக எழுத ரொம்ப நாள் பிடிக்கும் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம். காரணத்தில் நியாயம் இருக்கிறது. 2006-லேயே சொல்லியும்விட்டார்கள், அதுவும் மெச்சத்தக்கது. ஆனால் வெளியாகி நான்கே மாதத்தில், 2008 மே மாதம், அடுத்த வெர்ஷனில் வி.பி.ஏ. திரும்ப வரும் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அது 2010 அக்டோபரில் வெளியான 2011 பதிப்பில் வந்தது. ரிக்ரெஷன், ஹிஸ்டோகிராம் போட உதவும் அனாலிசிஸ் டூல்பேக்கும் 2008-ல் போனது. மேக்கில் அதைத் திரும்பப் பார்க்க 2016 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் கல்லூரியில் சேர்ந்து, முடித்து, வேலையிலும் சேர்ந்துவிடலாம் அதற்குள்.

ஆப்பிளும் சளைத்ததில்லை. 2013 அக்டோபரில் நம்பர்ஸ் என்ற தங்கள் விரிதாளை அடியோடு புதிதாக எழுதி வெளியிட்டார்கள், போன், டேப்லட், மேக் எல்லாவற்றிலும் ஒரே ஃபைல் திறக்க வேண்டும் என்று. வரிசைகளைக் குழு குழுவாகப் பிரித்துப் பார்க்கும் வசதி அதில் விட்டுப்போனது. 2018-ல்தான் திரும்ப வந்தது. ஆனால் அவர்கள் செய்த இரண்டு காரியங்களை நீங்கள் எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். விட்டுப்போனவற்றில் எதையெல்லாம் அடுத்த ஆறு மாதத்தில் திருப்பித் தரப்போகிறோம் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். பழைய வெர்ஷனை அழிக்காமல் அதே கணினியில் தனி ஃபோல்டரில் விட்டுவைத்தார்கள். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்.

எக்செல் 2013-ல் போன இரண்டைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். நான்கைந்து ஃபைலை அவை இருந்த இடத்திலேயே ஒரே சொடுக்கில் திறக்க ஒர்க்ஸ்பேஸாகச் சேமிப்பது ஒன்று. ஷீட்டை இரண்டாகப் பிரிக்க ஸ்க்ரோல் பார் முனையில் இருந்த குட்டிப் பிடி இன்னொன்று. பிரிக்கும் வேலைக்கு மெனுவில் வழி இருக்கிறது. ஆனால் கண் தானாகப் போகும் இடத்தில் இல்லை.

ஷேர்டு ஒர்க்புக் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆபீஸில் ஒரு மூலைக் கம்ப்யூட்டரில் ஃபைலை வைத்து, லேன் வழியாக மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதும் பழைய ஏற்பாடு அது. குறைகள் நிறைய உண்டு: அதில் இருக்கும்போது சில வசதிகள் பூட்டிக்கொள்ளும், சில நேரம் இருவர் ஒரே செல்லில் எழுதி முட்டிக்கொள்வார்கள். இப்போது அதற்குப் பதிலாகக் கோ-ஆதரிங் வந்திருக்கிறது. யார் எங்கே எழுதுகிறார்கள் என்பது உடனுக்குடன் தெரிகிறது. நல்ல வேலைதான். ஆனால் அதற்கு ஃபைல் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருக்க வேண்டும். மூலைக் கம்ப்யூட்டரில் இருந்தால் நடக்காது. சம்பளக் கணக்கு வெளியே போகக் கூடாது என்று முதலாளி சொன்னால் நாங்கள் என்ன செய்வோம்? பழைய ஏற்பாட்டை நீங்கள் அழிக்கவில்லை, அது தெரியும். ரிப்பனிலிருந்து எடுத்து உள்ளே ஒளித்து வைத்திருக்கிறீர்கள். செட்டிங்ஸில் போய் நாமே பட்டனை வெளியே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் ஏன் ஒளிப்பது? தேடத் தெரிந்தவனுக்கு உண்டு, தெரியாதவனுக்கு இல்லை என்றால், உதவி தேவைப்படுகிற ஆளிடமிருந்துதானே அது பறிபோகிறது?

கமென்ட் விஷயமும் அப்படித்தான். செல்லின் மூலையில் சின்னச் சிவப்பு முக்கோணம் வைத்து எழுதிவைக்கும் குறிப்பை இருபது வருடமாகக் கமென்ட் என்றோம். இப்போது கமென்ட் என்றால் பதில் மேல் பதில் போட்டுப் பேசும் புதுப்பெட்டி. எங்கள் பழைய கமென்டுக்கு ‘நோட்’ என்று பெயர் மாற்றிவிட்டீர்கள். ஃபைல் கெடவில்லை, பொருள் இடம் மாறவில்லை, பெயர்தான் மாறியது. “கமென்டைப் பாருங்க” என்று ஆடிட்டர் போனில் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று இப்போது இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது.

எதையும் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எக்செல் 4.0 மேக்ரோ எனப்படும் பழைய மேக்ரோ மொழியை, கெட்டவர்கள் வைரஸ் அனுப்பப் பயன்படுத்தினார்கள் என்பதால், 2022 ஜனவரியில் தானாக ஓடாதபடி நிறுத்தினார்கள். சரியான முடிவு, வேண்டுமென்றால் திறந்துகொள்ள வழியும் வைத்தார்கள். பழையதைப் பிடித்துத் தொங்குவதிலும் ஆபத்து இருக்கிறது. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் ஏறாமல் போயின. எக்ஸ்.எல்.எஸ். என்ற பழைய ஃபைல் வகையில் பதிவை ஏற்றியபோது, 65,536-வது வரிசைக்குக் கீழே இடமில்லாமல் மிச்சம் வெட்டுப்பட்டது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. அதைப் படித்த அன்று ராத்திரியே எங்களிடம் மிச்சமிருந்த பழைய வகை ஃபைல்களையெல்லாம் மாற்றி வைத்தேன். இந்த முறை பழையதை அழிக்கவில்லை.

ஆகவே மாறுங்கள். நான் கேட்பது, மாறும் முன் என் ஃபைலைத் திறந்து பாருங்கள் என்பதுதான். ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. புது வெர்ஷனில் போட்ட ஃபைலைப் பழைய வகையில் சேமிக்கப் போனால், எக்செல் 2007-லிருந்தே ஒரு சோதனைக் கருவி ஓடி வந்து, ‘இத்தனை செல்லில் இது இழக்கப்படும்’ என்று எண்ணிச் சொல்கிறது. பின்னால் போகிறவனுக்கு இவ்வளவு அக்கறை. முன்னால் வருகிறவனுக்கு? பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கென்று ஃபைல்களையும் மேக்ரோக்களையும் அலசும் கருவிகள் வந்தன. எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்பது அந்த சர்வீஸ் பையனும் அவன் பைக்கும். அதே கருவியை அவன் கையிலும் கொடுங்கள். ‘இந்த ஃபைலில் மூன்று மேக்ரோ நிற்கும், ஒரு டூல்பார் இடம் மாறும்’ என்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தால் வெள்ளிக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை போடு என்று நான் சொல்லியிருப்பேன்.

நீக்கியவற்றின் பட்டியலை நீங்கள் வெளியிடாமல் இல்லை. மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கங்களில் 2010-க்கும் 2013-க்கும் தனித்தனியாகவே பட்டியல் உண்டு. வெர்ஷன் போட்ட பிறகு, பிரச்சினை வந்த பிறகு, தேடினால் கிடைக்கும். அதை வரவேற்புப் படத்திலேயே, புது கலர்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். கேள்வி கேட்கும் பெட்டியில் ‘இழக்கப்படும்’ என்பதை முதல் வரியில் எழுதுங்கள், ‘பத்திரமாகச் சேமி’ என்பதை என்டர் தட்டினால் விழும் பட்டனாக வையுங்கள். இதற்குப் பெரிய பொறியியல் வேண்டாம்.

எந்த வசதியை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் நீக்குகிறோம் என்பீர்கள். எண்ணுங்கள். ஆனால் ‘சில்லறை’ பட்டனை வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு ஆள்தான் அமுக்கினார். உங்கள் கணக்கில் அது ஒன்று. கேட்டில் நின்றவர்கள் நூற்று நாற்பது.

அண்ணனிடம் அந்த மேக்ரோ போன கதையை ரொம்ப நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். கடைசியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன். கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அதுல ஐம்பது ரூபாய் நோட்டுல ஒரு தப்பு இருந்துச்சுப்பா, எனக்கு மட்டும்தான் தெரியும்” என்றார்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமைதோறும் நோட்டு எண்ணும் ஒருவன்,
திருப்பூர்.

பி.கு.: பழைய மெனுவின் குறுக்குவழிகளில் சிலவற்றை ரிப்பன் வந்த பிறகும் எக்செலில் விட்டுவைத்திருக்கிறீர்கள். ஆல்ட், டி, ஓ என்று வரிசையாகத் தட்டினால் ரிப்பனில் எங்குமே இல்லாத டேட்டா ஃபார்ம் இன்றும் திறக்கிறது. ஆல்ட், டி, எஃப், எஃப் தட்டினால் ஃபில்டர் விழுகிறது. எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் இதைப் பார்த்து, “சார், மந்திரம் மாதிரி இருக்கு” என்றாள். தயவுசெய்து அதில் கை வைத்துவிடாதீர்கள்.